புளிக்குப் பதில் எலுமிச்சை என்றால் போதுமா?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. தக்காளி இல்லாமல் எப்படிச் சமைப்பது என்ற கேள்விக்கு அப்போது பரவலாகக் கிடைத்த பதில், ‘புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்பது. ரசத்துக்கும் காரக்குழம்புக்கும் அது சரிதான். குருமாவுக்கு அது பதிலே இல்லை. தக்காளி புளிப்போடு நிற்பதில்லை. வதங்கிக் குழைந்து குழம்பைச் சேர்ந்தாற்போல் ஆக்குகிறது, நிறமும் லேசான இனிப்பும் தருகிறது, நாக்கில் தங்கும் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டும் அதில் உண்டு. புளி ஈடுகட்டுவது இவற்றில் புளிப்பை மட்டும். மற்றவற்றுக்கு, சிவக்க வதக்கி அரைத்த வெங்காயமோ வேகவைத்து மசித்த பரங்கிக்காயோ ஓரளவு கைகொடுக்கும். ஒரு பொருள் இல்லாதபோது, அந்தச் சமையலில் அது என்ன வேலை பார்த்தது என்று முதலில் கேட்க வேண்டும். நம் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் அதைச் சொல்வதே இல்லை. ‘இது இல்லையென்றால் அது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன.

புளிப்பையே எடுத்துக்கொள்வோம். புளிக்கரைசல் எவ்வளவு நேரம் கொதித்தாலும் புளிப்பு குறையாது. கொதிக்கக் கொதிக்கப் பச்சை வாசனைதான் போகும். எலுமிச்சைச் சாற்றை அப்படிக் கொதிக்கவிட்டால் அதன் மணம் பறந்துவிடும், கசப்பும் தட்டும். அதனால்தான் எலுமிச்சை ரசத்தில் அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழிகிறார்கள். தயிர் இன்னொரு வகை. வெறும் மோரைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். மோர்க்குழம்பில் ஊறவைத்து அரைத்துவிடும் துவரம்பருப்பும் அரிசியும் அது திரியாமல் தாங்கிப் பிடிக்கின்றன, நுரைத்து வரும்போதே இறக்கியும் விடுகிறோம். மூன்றுமே புளிப்பு என்று ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அதே நேரத்தில் ஊற்றினால் குழம்பு கெட்டுப்போகும். பழி என்னவோ மாற்றுப் பொருளின் மேல் விழும். உண்மையில் மாற வேண்டியிருந்தது செய்முறை.

இட்லி இதைவிடத் தெளிவான சான்று. அரிசிக்குப் பதில் சாமை, வரகு, தினை எதைப் போட்டாலும் இட்லி வரும். உளுந்துக்குப் பதில் துவரம்பருப்பைப் போட்டால் அந்த மென்மை வராது. உளுந்தை அரைக்கும்போது வரும் கொழகொழப்புதான் மாவு புளிக்கையில் உண்டாகும் வாயுவைப் பிடித்துவைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காததால்தான் ரவா இட்லி பிறந்தது என்று பெங்களூருவின் எம்.டி.ஆர். உணவகம் சொல்கிறது. அந்தச் செய்முறையைக் கவனித்தால், அரிசி இருந்த இடத்தில் ரவை வந்ததோடு கதை முடியவில்லை என்பது புரியும். இரவெல்லாம் புளிக்கவைக்கும் வேலை போய்விட்டதால், தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து வாயுவை உண்டாக்கும்படி செய்திருக்கிறார்கள். பொருளோடு சேர்த்து உப்பவைக்கும் வழியையும் மாற்றினார்கள். அதனால்தான் அது அரிசி இட்லியின் நிழலாக இல்லாமல் தனிப் பலகாரமாக நிலைத்தது.

மாற்றினாலே பாரம்பரியம் போய்விடும் என்பவர்கள் உண்டு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. மிளகாய் வருவதற்கு முன் நம் காரம் பெரும்பாலும் மிளகுதான். இன்றும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. ஆனால் மிளகாய் மிளகை முழுதாகத் துரத்தவும் இல்லை. வெண்பொங்கலிலும் மிளகு ரசத்திலும் மிளகின் மணமும் தேவைப்பட்டதால் அது அங்கேயே இருந்துகொண்டது. பாரம்பரியம் என்று நாம் மதிப்பது இந்தத் தேர்ந்தெடுத்தலைத்தான். இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: பழகிய கைக்கு விளக்கம் எதற்கு? பழகிய கைக்குத் தேவையில்லைதான். ஆனால் அந்தக் கையின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாமல், செல்போனைப் பார்த்து முதல் குழம்பு வைக்கிறவர்கள் இன்று ஏராளம். அவர்களுக்கு அளவு மட்டும் சொல்லிக் காரணத்தை மறைப்பது நியாயமில்லை.

உடல்நலத்துக்காகச் செய்யும் மாற்றங்களில் இந்தக் கவனக்குறைவு ஆபத்தாகவே முடியலாம். சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் நல்லது என்று பலர் மனதார நம்புகிறார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பை வீட்டில் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ‘உப்புக்குப் பதில் இந்த உப்பு’ என்று குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் கூடவே எழுத வேண்டும். எலுமிச்சைச் சாற்றை எப்போது பிழிவது என்பதற்கும், மோர் திரியாமலிருக்க எதை அரைத்துவிடுவது என்பதற்கும் தலா ஒரு வரி ஒதுக்கினால் போதும். பக்கத்தில் அதற்கு இடமில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.