லாட்ஜ் கவுன்டரில் ஆதார் நகல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

லாட்ஜில் தங்க வருகிறவர்களிடம் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை யாராவது தட்டிக்கேட்க மாட்டார்களா என்ற ஆற்றாமையில் எழுதுகிறேன்.

போன முகூர்த்தத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்த் தங்கிய லாட்ஜில், ஆளுக்கொரு ஆதாரை, முன்பக்கமும் பின்பக்கமுமாக, மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னார்கள். லாட்ஜின் நம்பர் அல்ல, அவருடைய சொந்த நம்பர். என் கணவர் டிரைவிங் லைசென்ஸை நீட்டினார். "அது வேணாம் சார், ஸ்டேஷன்ல ஆதார்தான் கேப்பாங்க" என்று பதில் வந்தது. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிய, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை நான் காட்டினேன். "நம்பரே தெரியலையேம்மா, இது செல்லாது" என்றார். நம்பர் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அப்படி ஒன்றையே கொடுத்திருக்கிறார்கள்! பின்னால் வரிசை, கையில் பெட்டி. அனுப்பித்தான் தீர வேண்டியிருந்தது. படம் வந்துவிட்டதா என்று அவர் கேலரியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். யார் யாரோ பெண்களின் ஆதார்கள், நடுநடுவே அவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த போனும் அவரோடுதான் போகும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, உரிமம் இல்லாத ஓட்டல்களும் சினிமா தியேட்டர்களும் ஆதார் நகலை வாங்கவோ வைத்துக்கொள்ளவோ கூடாது என்று அறிவித்தது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால், மக்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. மீறல்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதற்கும் மேல் 18 மாத அவகாசம். சரி, காத்திருப்போம். ஆனால் அந்தச் சட்டம் டிஜிட்டலாக வாங்கிய, அல்லது பிற்பாடு டிஜிட்டலாக மாற்றிய தரவுக்குத்தான். மேனேஜர் போனில் உள்ள படம் அதற்குள் வரும். கவுன்டருக்கு அடியில் சணல் கயிறு கட்டிக் கிடக்கிற ஜெராக்ஸ் கட்டு வராது. அது நாளைக்குப் பழைய பேப்பர் கடைக்குப் போனால் யாரைப் போய்க் கேட்பது?

குற்றவாளி யாராவது தங்கிவிட்டால் போலீசுக்கு விவரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அசல் அட்டையைப் பார்த்து, பெயரையும் முகவரியையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளட்டும். நகலால் எதுவும் நிரூபணமாகாது. வேறொருவர் ஆதாரில் போட்டோவை மாற்றி ஜெராக்ஸ் எடுத்து வந்தால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அட்டையிலுள்ள க்யூஆர் கோடை ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். அப்படிச் செய்கிற லாட்ஜ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மாவட்ட ஆட்சியர்களும் காவல்துறையும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: அரசு கொடுத்த எந்த அடையாள அட்டையும் செல்லும், அசலைப் பார்த்தால் போதும், நகல் கூடாது, அதுவும் ஊழியரின் சொந்த போனில் கூடவே கூடாது. "ஸ்டேஷன்ல ஆதார்தான் கேப்பாங்க" என்பது உண்மையா என்பதையும் காவல்துறை தெளிவுபடுத்தட்டும். உண்மை என்றால், எந்த உத்தரவின்படி கேட்கிறார்கள் என்று அதன் எண்ணோடும் தேதியோடும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்