எனக்கு வந்தா நான் பாத்துக்கறேன்... அப்படியா சாமி?

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம் இது. இன்னிக்கு எழுதித் தீர்த்துடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

2020, 2021 ரெண்டு வருஷமும் நம்ம ஊர்ல அதிகமா புழங்கின வசனம் எதுன்னு என்னைக் கேட்டா, யோசிக்காம சொல்வேன்: "எனக்கு வந்தா நான் பாத்துக்கறேன், உனக்கென்ன?" டீக்கடையில, லிஃப்டுல, கல்யாண மண்டப வாசல்ல, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழ தொங்க விட்டுக்கிட்டு கம்பீரமா சொன்னாங்க.

கொரோனா அவசரநிலை முடிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல அறிவிச்சாச்சு. இப்ப எதுக்குய்யா இந்தப் பழைய கதைன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நடுங்கினவங்க கூட இன்னிக்கு "சும்மா ஓவரா பண்ணிட்டாங்கப்பா"ன்னு வீரம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்து ஒரு கொள்ளைநோய் வந்தா கிருமிக்கு முன்னாடி இந்த வசனம்தான் ஊருக்குள்ள நுழையும். அதனால இப்பவே உரிச்சுப் பாத்துடலாம். அந்த ஒரு வரியில மூணு பொய் இருக்கு.

பொய் 1: "எனக்கு வந்தா"

எனக்கு வந்தா எனக்குத் தெரியுமேங்கறதுதான் இதுல ஒளிஞ்சிருக்கற நம்பிக்கை. கொரோனா விஷயத்துல அது தப்பு. காய்ச்சல், இருமல் தொடங்கறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ஒருத்தர் மத்தவங்களுக்குப் பரப்ப முடியும். சிலருக்கு அறிகுறியே வராது. தெரியறதுக்குள்ள கொடுத்து முடிச்சிருப்போம்.

சரி, அறிகுறி தெரிஞ்சாலாவது அடங்குறோமா? அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலம், ஸ்காஜிட்ங்கற ஊர்ப்பக்கம். 2020 மார்ச் 10, ஒரு பாட்டுக் குழு ஒத்திகை. வந்தவங்க 61 பேர். அதுல ஒருத்தருக்கு லேசா ஜலதோஷம் மாதிரி இருந்தது. "சளிதானே"ன்னு வந்தார். ரெண்டரை மணி நேரம் பாடினாங்க. 53 பேருக்கு நோய். ரெண்டு பேர் செத்துட்டாங்க.

இன்னொண்ணு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. அதே அமெரிக்கா, மெய்ன் மாநிலம். 2020 ஆகஸ்ட் 7-ல ஒரு கல்யாணம். விருந்துக்கு வந்தவங்க 55 பேர். நம்ம கணக்குல இதெல்லாம் கூட்டமே இல்லை, நிச்சயதார்த்தத்துக்கே வேன் வச்சுப் போற ஆளுங்க நாம. அந்தக் கல்யாணத்துலேருந்து கிளம்பின தொற்று 177 பேரைத் தொட்டது. சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போச்சு. சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு சிறைக்கும் போச்சு. அங்க வேலை பார்த்த ஒருத்தர் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து, இருமலோட டூட்டி பார்த்திருக்கார். மொத்தம் 7 பேர் இறந்தாங்க.

அந்த ஏழு பேர்ல ஒருத்தர் கூட கல்யாணத்துக்குப் போகலை. திரும்ப ஒரு தடவை படிங்க. ஒருத்தர் கூட. சாப்பிட்டது யாரோ, மொய் எழுதினது யாரோ, பாடையில போனது வேற யாரோ. இதுல "எனக்கு வந்தா"ங்கற பேச்சுக்கு எங்கய்யா இடம்?

பொய் 2: "நான் பாத்துக்கறேன்"

எப்படிப் பாத்துப்பீங்க? ஆக்ஸிஜனை நீங்களே காய்ச்சி எடுப்பீங்களா?

2021 மே மாசம் தமிழ்நாட்டுல ஒரு நாள் எண்ணிக்கை 36 ஆயிரத்தைத் தாண்டியது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்னுது, உள்ள நோயாளியோட. படுக்கை காலியாகணும்னா யாராவது குணமாகணும், இல்லைன்னா... வேணாம், விடுங்க. ரெம்டெசிவிர் வாங்க கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில ராத்திரி பகலா ஜனம் நின்னுது. அந்த வரிசையில நின்னவங்கள்ல எத்தனை பேர் போன மாசம் "நான் பாத்துக்கறேன்"னு சொல்லியிருப்பாங்களோ.

யாரும் தன்னைத் தானே பாத்துக்கலை சாமி. பிபிஇ உடைக்குள்ள வியர்வையில ஊறின நர்ஸம்மா பாத்தாங்க. ஸ்ட்ரெச்சர் தள்ளினவர் பாத்தார். சுடுகாட்டு ஊழியர் பாத்தார். பதிலுக்கு நாம என்ன பண்ணினோம்? 2020 ஏப்ரல்ல சென்னையில கொரோனாவுக்கு பலியான ஒரு டாக்டரோட உடலைப் புதைக்க விடாம ஒரு கும்பல் கல்லால அடிச்சு விரட்டிச்சு. கூட வந்தவங்களுக்கு ரத்தக் காயம். உயிரோட இருக்கறப்ப ஊர் முழுக்கப் பரப்பலாம், தப்பில்லை. காப்பாத்தப் போய் செத்தவருக்கு மட்டும் ஆறடி மண்ணு கிடையாது. நல்ல நியாயம்!

பொய் 3: "உனக்கென்ன"

எனக்கென்னவா? சொல்றேன் கேளுங்க. என் அத்தைக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஊரடங்கோ, புயலோ, போய்த்தான் ஆகணும். போகலைன்னா ஆள் இல்லை. "பயமா இருந்தா நீங்க வீட்டுக்குள்ள இருங்க"ங்கற அறிவுரை அவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. எங்க அடுக்ககத்துல மூணாவது மாடியில ஒரு வீட்டுல பையனுக்கு பாசிட்டிவ். வாசல்ல தகரம் அடிச்சுடுவாங்க, மானம் போயிடும்னு யாருக்கும் சொல்லாம, அதே லிஃப்டுல காய்கறி வாங்கப் போய் வந்துட்டு இருந்தாங்க. விஷயம் தெரிஞ்சதும் அத்தை அந்தக் காலை வச்சுக்கிட்டு நாலு மாடி படியில இறங்கி ஏறினாங்க, ஆறு வாரம். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருந்தோம். அந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டப்ப அவரும் இதையேதான் சொன்னார்: "எங்க வீட்டு விஷயம் சார், நாங்க பாத்துக்கறோம்."

அதாவது அவரோட சுதந்திரத்துக்கு என் அத்தையோட முழங்கால் வரி கட்டுது.

உடனே சிலர் வருவாங்க. "ஹெல்மெட் போடறதும் போடாததும் என் தலை, என் இஷ்டம். அது மாதிரிதான் இதுவும்." இல்லை அண்ணாச்சி. ஹெல்மெட் போடலைன்னா உடையறது உங்க மண்டை. இது குடிச்சுட்டு வண்டி ஓட்டற கதை. ஊர்ப் பொதுக்கிணத்துல காலைக் கழுவிட்டு "என் காலு, என் இஷ்டம்"னு சொல்ற கதை. உயிருக்கு ஆபத்தான தொற்றை அலட்சியமா பரப்பறது வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்துலயே குற்றம், பிரிவு 269. இன்னிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவுல 271. யாரும் புதுசா உங்க உரிமையைப் பிடுங்கலை. அந்த உரிமை உங்ககிட்ட எப்பவுமே இருந்ததில்லை.

இப்ப அடுத்த பக்கம். இதோட நிறுத்திட்டா நானும் ஜல்லி அடிச்ச மாதிரி ஆயிடும்.

"ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை"ன்னு சொல்றது ஆட்சியில இருக்கறவங்களுக்கு ரொம்ப வசதியான வசனம். 2020 ஏப்ரல் 26 முதல் நாலு நாள் சென்னையில முழு ஊரடங்குன்னு ரெண்டு நாள் முன்னாடி அறிவிச்சாங்க. 25-ஆம் தேதி மொத்த சென்னையும் கடைகள்ல, கோயம்பேட்டுல விழுந்தது. வேற என்ன பண்ணும்? மே 5-ல சந்தையை மூடினாங்க. அதுக்குள்ள மூட்டை தூக்கினவங்க கடலூர், அரியலூர், விழுப்புரம்னு சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாச்சு, தொற்றும் கூடவே போச்சு. அவங்களை "பரப்பிட்டாங்க"ன்னு ஏசினோம். அன்னன்னிக்குத் தூக்கினாத்தான் அன்னன்னிக்குச் சோறு. அவங்களுக்கு "வீட்டிலேயே இருங்கள்"னு சொல்ல முதல்ல வீடு வேணும்.

2021-ல தேர்தல். வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதுக்கு முன்னாடி எல்லாக் கட்சியும் போட்டி போட்டுக்கிட்டு கூட்டம் கூட்டிச்சு. ஏப்ரல் 26-ல சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கொலைக் குற்றம் வரைக்கும் போய்த் திட்டிச்சு. அந்த வார்த்தை கடுமையானதுன்னு உச்ச நீதிமன்றம் அப்புறம் சொன்னாலும், கூட்டம் நடந்தது நடந்ததுதானே. மேடையில இருந்தவங்க "மாஸ்க் போடுங்கள்"னு மைக்ல சொன்னாங்க, மாஸ்க் இல்லாம :-)

நியூயார்க் சமையல்காரி மேரி மல்லன் கதை தெரியுமில்லையா, "டைஃபாய்டு மேரி". உடம்புல ஒரு நோவும் இல்லை, ஆனா கிருமி இருந்தது. 1907-ல பிடிச்சுத் தனியா வச்சாங்க. இனிமே சமைக்க மாட்டேன்னு சொன்னதும் 1910-ல விட்டாங்க. துணி துவைக்கிற வேலையில கூலி கம்மி. வேற பேர்ல திரும்ப சமைக்கப் போனார். 1915-ல ஒரு பிரசவ மருத்துவமனையில 25 பேருக்கு டைஃபாய்டு, ரெண்டு பேர் பலி. 1938-ல சாகற வரைக்கும் தீவுல அடைச்சு வச்சிருந்தாங்க. இதுல மேரிக்குப் பொறுப்பு உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா 23 வருஷம் அடைச்சு வைக்கக் காசு இருந்த ஊருக்கு, அவர் சமைக்காம இருக்க மாசாமாசம் ஒரு கௌரவமான சம்பளம் கொடுக்க ஏன் காசு இல்லாம போச்சு?

அதனால என் அளவுகோல் இது: யாருக்கு எவ்வளவு வழி இருந்ததோ, அவ்வளவு பொறுப்பு. கோயம்பேட்டு மூட்டைக்காரருக்குக் கொஞ்சம். மூணு பெட்ரூம், வைஃபை, மாசச் சம்பளம், வாசலுக்கு வர்ற மளிகைன்னு இருந்துட்டு, ஜுரத்தோட வளைகாப்புக்குப் போனவருக்கு நிறைய. அறிவிப்பு போடற அதிகாரம் இருந்தவங்களுக்கு எல்லாரையும் விட அதிகம். இவங்க மூணு பேரையும் ஒரே தராசுல வைக்காதீங்க. முக்கியமா, நடுவுல இருக்கறவர் மத்த ரெண்டு பேரைக் காட்டித் தப்பிக்காதீங்க. நம்மில பாதிப் பேர் அந்த நடு ஆள்தான்.

கேக்கறது பெரிய தியாகம் ஒண்ணும் இல்லை:

1. ஜுரமோ சளியோ இருந்தா விசேஷத்துக்குப் போகாதீங்க. மொய்யை ஜிபேல அனுப்புங்க.
2. ஆஸ்பத்திரி, முதியோர் இருக்கற வீடு, இங்கெல்லாம் மாஸ்க்.
3. தொற்றுன்னு தெரிஞ்சா பாத்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லுங்க. சொல்றவரைத் தள்ளி வைக்காதீங்க. தகரம் அடிக்கிற ஊர்ல யாரும் உண்மை பேசமாட்டாங்க.
4. வேலைக்காரம்மாவுக்கு ஜுரம்னா சம்பளத்தோட லீவு கொடுங்க. கொடுக்காம "ஏன் சொல்லலை"ன்னு கத்தாதீங்க.

இந்த நாலையும் செய்ய எந்த அரசாணையும் தேவையில்லை. செய்யாம இருக்கறதுக்குத்தான் ஒரு வசனம் தேவைப்படுது. அந்த வசனத்தை இனிமே யாராவது சொன்னா, மெய்ன்ல செத்த ஏழு பேரும் எந்த விருந்துல சாப்பிட்டாங்கன்னு மட்டும் கேளுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "நீ எந்தக் கட்சி"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: டயாலிசிஸ் கட்சி. ஆட்டோ அனுப்பறதா இருந்தா மாஸ்க் போட்ட டிரைவரா பாத்து அனுப்புங்க :-))