பள்ளிக்கூட இங்கிலீஷும் பள்ளிபாளையத்து இங்கிலீஷும்

என்ன சகோதரிகளே, போன இதழில் பார்த்த அடுப்பங்கரைச் சொற்கள் நினைவிருக்கிறதா? இந்தத் தடவை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவோம். நம்மைச் சுற்றி நடக்கிற வேலைகள், நாலு பேர் கூடுகிற இடங்கள், அங்கே புழங்குகிற இங்கிலீஷ்.

"எனக்கு இங்கிலீஷ் எல்லாம் வராதுங்க" என்று சொல்லுகிற பெண்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். ஆனால் காது கொடுத்துக் கேட்டால், காலையிலிருந்து ராத்திரிக்குள் ஐம்பது இங்கிலீஷ் வார்த்தையாவது அவர்கள் வாயிலிருந்து விழும். என்ன ஒன்று, பள்ளிக்கூடத்தில் படித்த அர்த்தம் வேறு, தொழிலில் இருக்கிற அர்த்தம் வேறு.

நாமக்கல்லில் 'பாடி பில்டிங்' என்று போர்டைப் பார்த்தால், வெளியூர்ப் பிள்ளைகள் கர்லாக்கட்டை சுற்றுகிற இடம் என்று நினைத்துக் கொள்வார்கள். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை அது! அந்த லாரியில் போகிற 'கிளீனர்' பையனை, கூட்டிப் பெருக்குகிற ஆள் என்று சீமைக்காரன் நினைப்பான். இங்கே அவன் டிரைவருக்கு வலது கை. கோழிப்பண்ணையில் 'லேயர்' என்றால் முட்டைக்கோழி, 'பிராய்லர்' என்றால் கறிக்கோழி. 'பிராயில்' என்ற சொல்லுக்கு நெருப்பில் வாட்டுவது என்று அர்த்தம், பேரிலேயே அதன் தலையெழுத்து இருக்கிறது, பாவம். லேயரையும் லாயரையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். பின்னவர் கோர்ட்டில் இருப்பவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரைக்கும் போய் 'போர்' போடுகின்றன. அந்தப் போரும், சினிமா பார்த்துவிட்டு 'ஒரே போர்' என்கிறோமே, அதுவும் இங்கிலீஷில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் 'சைசிங்' மில் உண்டு. சைஸ் என்றால் அளவுதானே என்று என் அக்கா மகள் கேட்டாள். இல்லை, பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிக்கும் இங்கிலீஷில் சைஸ் என்றே பேர். கஞ்சி போடாவிட்டால் தறியில் நூல் அறுந்து கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத வார்த்தைகளும் இருக்கின்றன.

1989ல் பக்கத்து தர்மபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோது வந்தவை சில. 'மினிட்ஸ் புக்' என்றால் நிமிஷக் கணக்கு இல்லை. கூட்டத்தில் என்ன பேசினோம், என்ன முடிவெடுத்தோம் என்று எழுதுகிற புத்தகம். குழு போய், வீடு தேடி வந்து கடன் கொடுக்கிற பைனான்ஸ்காரர்கள் வந்தபிறகு வார்த்தைகள் இன்னும் கூடிப் போயின. 'பிரின்சிபல்' காலேஜ் தலைவர் அல்ல, அசல். 'இன்ட்ரஸ்ட்' ஆர்வம் அல்ல, வட்டி.

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒரு தங்கை. அடுத்த வீட்டுக்காரி அறுபதாயிரம் கடன் வாங்கும்போது இவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போனது. நாலு மாதத்தில் தவணை நின்றது. வசூல்காரர் இவள் வாசலில் வந்து நிற்கிறார். "சாட்சிக் கையெழுத்துன்னு தானுங்கக்கா போட்டேன். பணம் நான் கண்ணாலயும் பார்க்கலீங்களே" என்று அழுகிறாள். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் பெயருக்கு மேலே இருந்தது 'விட்னஸ்' அல்ல, 'கேரண்டர்'.

இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள தூரத்தை மனசில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். 'விட்னஸ்' சாட்சி. இவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதோடு சரி. கடனைக் கட்டுகிற பொறுப்பு அவருக்குக் கிடையாது. 'கேரண்டர்', 'ஷ்யூரிட்டி' என்றால் ஜாமீன். 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. முதலில் அவளைத் தேடிப் போங்கள் என்று நாம் சொல்ல முடியாது. 'கோ-அப்ளிகண்ட்' என்றால் இன்னும் நேரடி, நாமும் சேர்ந்து வாங்கியதாகவே கணக்கு. 'நாமினி' முற்றிலும் வேறு. நமக்குப் பின்னால் பணத்தைப் பெற்றுக் கொள்ள நாம் குறிப்பிடுகிற ஆள்.

இன்னொன்று, 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி'. 'செவரல்' என்றால் 'பல' என்றுதான் ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். கடன் பத்திரத்தில் அதற்குத் 'தனித்தனியாக' என்று அர்த்தம். ஐந்து பேர் அதில் கையெழுத்துப் போட்டால், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று நினைக்காதீர்கள். ஒருத்தியிடமே முழுத் தொகையையும் கேட்கலாம்.

ஏன் இங்கிலீஷ் காகிதத்தோடு மல்லாட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். சிறுகடன் கொடுப்பவர்களுக்கு 2022ல் ரிசர்வ் வங்கி போட்ட விதியில், கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு வரக்கூடாது என்றும் இருக்கிறது. "தமிழில் கொடுங்க, படிச்சுட்டு நாளைக்குப் போடறேன்" என்று சொல்ல நமக்குத் தயக்கம். வாசலில் பத்துப் பெண்கள் காத்திருக்கும்போது, இவளால்தான் தாமதம் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் பாதிக் கையெழுத்து விழுகிறது.

அந்தத் தங்கை இப்போது வாரக் கூலியில் ஒரு பகுதியை எடுத்துக் கட்டி வருகிறாள். ஒவ்வொரு தவணைக்கும் தன் பெயரில் ரசீது கேட்டு வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஜாமீன்தாரர் கட்டிய பணத்தை, கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க அதே சட்டத்தில் உரிமை உண்டு. ரசீது இல்லாவிட்டால் எதை வைத்துக் கேட்பது? திருப்பூர்க்காரியும் கெட்டவள் இல்லை, வேலை கிடைத்ததும் அனுப்புகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாளாம். பார்ப்போம்.

உங்கள் ஊர்த் தொழிலில் இப்படி அர்த்தம் மாறிப் புழங்குகிற இங்கிலீஷ் வார்த்தை இருந்தால் கார்டில் எழுதுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைச் சகோதரிகளிடமிருந்து நிறைய எதிர்பார்க்கிறேன். அடுத்த இதழில் ஆஸ்பத்திரிச் சீட்டு.