முதல்ல ஃபேனை மாத்துங்க, அப்புறம் சோலார்

அடிவாரத்துல இருந்து நம்ம காலேஜுக்கு வர்ற நண்பன் ஒருத்தன் போன வாரம் கேட்டான்: "மச்சி, எங்க வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போடச் சொல்றாங்க. மானியம் 78,000 ரூபாய், மிச்சத்துக்குக் கடன். போடலாமா?" அவன் அம்மா கூலி வேலைக்குப் போறவங்க.

வேண்டாம்னு சொன்னேன். சோலார் மேல கோபம் இல்லை, கணக்கு இடிக்குது. நீங்களே போட்டுப் பாருங்க.

அவங்க வீட்ல 9 வாட் பல்பு நாலு, தினம் 5 மணி நேரம். 75 வாட் ஃபேன் ரெண்டு, 10 மணி நேரம். 60 வாட் டிவி, 4 மணி நேரம். மொத்தம் ஒரு நாளைக்கு 1.92 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 115. தமிழ்நாட்டுல 2016-ல இருந்து முதல் 100 யூனிட் இலவசம். ஆக, இவங்க காசு கட்டுறது வெறும் 15 யூனிட்டுக்கு!

அந்த ரெண்டு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனா மாத்தினா மொத்தமே 61 யூனிட்தான். பில் பூஜ்யம். ஏற்கெனவே இலவசமா வர்ற கரண்டை மிச்சப்படுத்த எதுக்குக் கடன்?

"கரண்ட் போனா உதவுமே"ன்னு நினைப்பீங்க. உதவாது. பேட்டரி இல்லாத கிரிட் சோலார், லைன் செத்ததும் தானும் நின்னுடும். கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேனோட உயிருக்காக அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. மழைக்கால இருட்டுதான் பிரச்சினைன்னா 100 வாட் பேனலும் 12 வோல்ட் 40 ஏ.எச். பேட்டரியும் போதும். பாதி சார்ஜிலேயே ரெண்டு பல்பும் ஒரு பி.எல்.டி.சி. ஃபேனும் 5 மணி நேரம் ஓடும். ஆனா பேட்டரியை சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும், அந்தச் செலவையும் இப்பவே எழுதி வைங்க.

மாடு வெச்சிருக்கிற வீடா? அப்போ கூரையை விட தொழுவத்தைப் பாருங்க. தினம் 25 கிலோ சாணம் இருந்தா ஏறக்குறைய ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். மாசத்துக்குக் கணக்குப் பார்த்தா கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர்.

ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டார்னு ஓடி பில் எகிறுற வீட்டுக்கு கிரிட் சோலார் நல்ல முதலீடுதான். ஒரு கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும். ஆனா மேல எஸ்டேட் பக்கம் வீடுன்னா முதல்ல சில்வர் ஓக் நிழல் எங்க விழுதுன்னு பாருங்க. ஒரு பேனல் மேல விழுற நிழல், சீரிஸ்ல இருக்கிற மொத்த வரிசையோட உற்பத்தியையும் குறைச்சிடும்.

பெரிசா செய்ய ஆசைன்னா ஊராச் சேர்ந்து செய்யலாம். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிச்சு. கடனை ஊராட்சிதான் சுமந்தது, ஒரு கூலிக் குடும்பம் இல்லை.

சேல்ஸ்மேன் கிலோவாட்ல பேசுவார். நம்ம வீட்டுக்காரங்களுக்காக யூனிட்ல பேச ஆள் வேணும். அதுக்குத்தானே நாம படிக்கிறோம்? இந்த வாரம் ஊருக்குப் போனா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த மின் கணக்கு அட்டையை எடுத்துப் பாருங்க.