துவக்கை ஒளிச்சு வைக்கிற ஊர்

வன்னியில ஒரு கமக்காரரிட்டப் போய், "ஐயா, உங்களிட்டத் துவக்கு இருக்கோ?" என்று கேட்டுப் பாருங்கோ. வருசாவருசம் அனுமதிப்பத்திரம் புதுப்பிச்சு பன்னிரண்டு போர் துவக்கு வைத்திருக்கிறவர்கூட, "ஏன் தம்பி கேக்கிறீங்கள்?" என்றுதான் தொடங்குவார். இடியன் வைத்திருக்கிறவர் கதையையே மாத்திப்போடுவார். ஆனால் இரவில வெடிச்சத்தம் கேட்டால், ஆர் வயலில ஆர் சுட்டது என்று ஊருக்கே தெரியும்.

இந்த ஒளிப்புக்குக் காரணம் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. 1980களில் வீட்டுத் துவக்குகளை இயக்கங்கள் கொண்டுபோயின. பிறகு "துவக்குப் பழகப் போயிட்டான்" என்றால் ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். எங்கட அம்மாமாருக்கு அந்த அர்த்தம் இன்னும் மாறவில்லை. இதே நாட்டில் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்குப் போனார். எங்கட வீட்டில் ஒரு பிள்ளை அந்த ஆசையைச் சொன்னால் அண்டைக்கு உலை வைக்க மாட்டார்கள்.

சரி, பேசாமல் இருந்ததால் துவக்கு இல்லாமல் போச்சோ? பொடியள் பழகாமல் விட்டார்களோ? பயிர்காவலுக்கு மாமாவோட போற பதினாறு வயதுப் பொடியன், ரோச் வெளிச்சத்தில அவர் இடியனுக்கு மருந்து இடிக்கிறதைப் பார்க்கிறான். அடுத்த முறை தானே இடிக்கிறான். எவ்வளவு மருந்து, துருப்பிடிச்ச குழாய் எவ்வளவு தாங்கும் என்று ஒருத்தரும் சொல்லிக்குடுப்பதில்லை. குழாய் வெடிச்சுக் கை போனாலும் ஆஸ்பத்திரியில வேற காரணம்தான் சொல்லப்படும். கட்டுத்துவக்கு இன்னும் மோசம். பன்றியின்ர உயரத்துக்குக் கட்டின துவக்கு, விறகு பொறுக்கப் போன ஆளின்ர காலைப் பிடிக்கும். கட்டினவருக்கு இடம் தெரியும், ஆனால் சட்டவிரோதமானதை எந்த வாயால சொல்லுறது?

எங்கட கூட்டத்திலேயே ஒரு நண்பர் கேட்டார்: இப்படிப் பேசுவது துவக்கைச் சாதாரணமாக்கிவிடாதோ என்று. போர் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் நியாயமான பயம்தான். இரவல் துவக்கைத் தோளில போட்டு முகப்புத்தகத்தில படம் போடுற ஹீரோக்களுக்காக நாங்கள் வாதாடவில்லை. அது வெளிப்படைத்தன்மை இல்லை, வெறும் படங்காட்டல். நாங்கள் கேட்பது வேறை. அனுமதியோட வைத்திருக்கிறவர் "என்னட்ட இருக்கு, தோட்டா தனியாப் பூட்டி வைச்சிருக்கிறன்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லக்கூடிய நிலைமை. கதவுக்குப் பின்னால சாத்தி வைத்திருக்கிற துவக்கில் தோட்டா இருக்கோ என்று பார்க்க, அந்த வீட்டு அக்காவுக்கும் தெரிந்திருக்கிற நிலைமை.

அனுமதிப்பத்திரம் ஆளின்ர பேருக்கு. அதால "வா தம்பி, சுட்டுப் பார்" என்று கையில குடுக்கேலாது, குடுக்கவும் வேண்டாம். ஆனால் வெறும் துவக்கைக் கையாளுற விதம், வாயை எந்தப் பக்கம் வைக்கிறது, வரம்பு ஏறேக்க ஏன் தோட்டாவைக் கழட்டுறது என்பதையெல்லாம் கமநல சேவை நிலையத்தில ஒரு சனிக்கிழமை பொலிசை வைத்தே சொல்லிக்குடுக்கலாம். கிராம அலுவலர் அறிக்கை, பொலிஸ் அறிக்கை என்று எத்தனையோ கடதாசி கேட்கிறவர்கள், பயன்படுத்தத் தெரியுமோ என்று ஏன் கேட்பதில்லை?

அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்தில், பசளைக்கும் குளத்துத் தண்ணிக்கும் நடுவில இதையும் ஒரு விடயமாகப் போடச்சொல்லி எங்கட ஊரில் கடிதம் குடுத்திருக்கிறோம். தலைவர் வாசிச்சுப்போட்டு மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வைச்சவர். இன்னும் பதில் இல்லை.