சினைப்பை விற்பனைச் சரக்கு அன்று

ஏற்காட்டு மலையிலிருந்து குப்பனூர்ப் பாதை வழியாக இறங்கி வரும் பெண்கள் எங்களிடம் கேட்கும் ஒரு கேள்வி, பெரும்பாலும் உடன் வந்தவர் மருந்து வாங்கச் சென்ற பின்னரே, தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது: “கருமுட்டை கொடுத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா, டாக்டர்?” ஒன்றும் ஆகாது என்று சொல்லும் தரகர்கள் வெளியே இருக்கிறார்கள். இருக்கும் முட்டையெல்லாம் தீர்ந்துபோகும் என்று அச்சுறுத்தும் உறவினர்களும் இருக்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையன்று. உண்மையை அறிய, சினைப்பையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடநூல்களில் அண்டகம் எனப்படும் சினைப்பை, கருப்பையின் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைந்துள்ளது. ஏறத்தாழ 3 செ.மீ. நீளம், வாதுமைக் கொட்டையின் வடிவம். அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனியோ அடிவயிற்றில் தொடங்குவதில்லை. மேலே, சிறுநீரகங்களின் அருகே, பெருந்தமனியிலிருந்து புறப்பட்டு நெடுந்தூரம் கீழிறங்கி வருகிறது. காரணம், கருவில் சினைப்பை உருவாகும் இடம் அதுவே. வளர வளர அது இடுப்புக் குழிக்குள் இறங்குகிறது. இரத்தக் குழாயும் உடன் நீள்கிறது.

முட்டைகளின் மூல உயிரணுக்கள் சினைப்பையில் தோன்றுபவை அல்ல. கருவின் நான்காம் வாரத்தில் அவை மஞ்சள்கருப் பையின் சுவரில் காணப்படுகின்றன. அங்கிருந்து நகர்ந்து, ஆறாம் வாரத்திற்குள் சினைப்பை உருவாகவிருக்கும் இடத்தை அடைந்து பெருகுகின்றன. கருவுக்கு ஐந்து மாதமாகும்போது அவற்றின் எண்ணிக்கை 60 முதல் 70 லட்சம். அதுவே உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமும், பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சமுமே எஞ்சுகின்றன. ஆகவே, ஒரு பெண் மகளைச் சுமந்திருக்கும்போதே, நாளை அம்மகளின் பிள்ளையாகப் பிறக்கக்கூடிய முட்டையும் அவள் வயிற்றுக்குள் இருக்கிறது. மூன்று தலைமுறை ஓருடலில் தங்கும் இடம் சினைப்பை.

வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 முட்டைகளே. ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முதிர, மற்றவை அழிகின்றன. கருமுட்டை எடுப்பதற்கு முன் போடப்படும் ஊசிகள், அம்மாதத்தில் அழியவிருந்தவற்றையே வளரச் செய்கின்றன. எனவே ஒரு முறை கொடுப்பதால் சேமிப்பு தீர்ந்துவிடாது.

தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் அது பெரிதும் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும், இரத்தம் உறையலாம். வீங்கிய சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளக்கூடும். ஊசி செலுத்தி முட்டையை எடுக்கையில் இரத்தக் கசிவோ தொற்றோ நேரலாம். மயக்க மருந்துக்கும் அதற்குரிய ஆபத்து உண்டு. இவை அரிதானவை, ஆயினும் ஒவ்வொரு முறையும் இந்த ஆபத்துகள் புதிதாகத் தொடங்குகின்றன.

2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக் காட்டி, அவளது கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. கைதானவர்களுள் அவளுடைய தாயும் ஒருவர். மருத்துவமனைகள் மீது சுகாதாரத் துறை நடவடிக்கை எடுத்தது. இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின்படி கருமுட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது. அவருக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீடு செய்யப்பட வேண்டும். விற்பனைக்கு இடமே இல்லை.

இக்கட்டுப்பாடுகள் மிகக் கடுமையானவை, குழந்தையில்லாத் தம்பதியரின் காத்திருப்பை நீட்டுபவை என்று எம் துறையிலேயே சிலர் கூறுகின்றனர். அத்தம்பதியரின் துயரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். தானம் என்பது நற்செயல் என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை. எனினும், ஒருவரின் ஏக்கத்தைத் தீர்க்க மற்றொருவரின் வறுமை விலைபேசப்படுமாயின், அது தானமாகாது.

சட்டம் மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து. அட்டையில் உள்ள வயதைப் பார்ப்பது மருத்துவரின் கடமையில் ஒரு சிறு பகுதி. எதிரே அமர்ந்திருப்பவளின் முகத்தைப் பார்ப்பதும், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லி, அவளுக்குப் புரியும் தமிழில் அவளிடம் மட்டும் பேசுவதும் அதைவிடப் பெரியவை. அந்தப் பத்து நிமிடம் வழங்கப்படாத இடத்தில் பெறப்படும் கையொப்பத்தை ஒப்புதல் என்று நாங்கள் கருதமாட்டோம். மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இது.

குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பணம் தருவதாகச் சொல்லி எவரேனும் உங்கள் வீட்டுப் பெண்ணைக் கருமுட்டை கொடுக்க அழைத்தால், அது சட்டப்படி குற்றம் என்பதை அறியுங்கள். சிறுமியர் தொடர்பாயின் 1098, பெண்களுக்கு 181 என்ற எண்ணை அழையுங்கள். ஊசி போட்டபின் வயிறு உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நடந்ததை மறைக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உங்களைக் குற்றம் சொல்லாமல் நாங்கள் சிகிச்சையளிப்போம்.

தாழ்ந்த குரலில் கேட்ட அப்பெண்களுக்கு எங்கள் விடை இதுதான்: உங்கள் சினைப்பையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அடுத்த முறை அக்கேள்வியை உரக்கவே கேளுங்கள்.