எழுதத் தயங்கும் கைக்கு ஒரு பலகை

காளஹஸ்தி கலம்காரி ஓவியர்களின் கருவி, முனையருகே துணி சுற்றிய ஒரு மூங்கில் குச்சி. விரலால் அழுத்தினால் சாயம் இறங்கும், விட்டால் நிற்கும். கைக்கும் கோட்டுக்கும் நடுவே வேறெதுவும் கிடையாது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு டிராயிங் டேப்லெட் வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இதுவே நல்ல அளவுகோல்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் கேள்வி இன்னும் கூர்மையானது. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் உண்டு. வீட்டில் தமிழும் கற்பித்தால் மூன்று எழுத்து முறைகள். டிஸ்லெக்சியா உள்ள குழந்தை படிப்பதில் தடுமாறுகிறது. டிஸ்கிராஃபியா உள்ள குழந்தைக்கு எழுதுவதே பாரம். இரண்டும் அறிவுக் குறைவல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. நோட்டு முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்துப் பழகிய குழந்தை பயமில்லாமல் கையை நகர்த்தும் ஒரே இடம் படம் வரைவதாக இருக்கலாம். தவறான கருவி அதையும் கெடுத்துவிடும்.

கடையில் டேப்லெட் என்ற பெயரில் நான்கு விதமான பொருட்கள் கிடைக்கின்றன. சில நூறு ரூபாய்க்கு விற்கும் எல்சிடி சிலேட்டுதான் மலிவு. ஆனால் பட்டனைத் தட்டினால் மொத்தப் படமும் போய்விடும், சேமிக்க முடியாது. அதிலுள்ள பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, கம்ப்யூட்டரில் இணைக்கும் திரையில்லாப் பலகை. சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் கை மேஜையில் இருக்கும்போது கண் திரையைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கே பழக நாளாகும். கையும் கண்ணும் ஒத்துழைக்கச் சிரமப்படும் குழந்தை முதல் நாளே ஒதுக்கிவிடக்கூடும். மூன்றாவது வகையில் திரையிலேயே வரையலாம். விலை அதிகம், பெரும்பாலானவற்றுக்குக் கம்ப்யூட்டரும் வயர்களும் தேவை. நான்காவது, பேனாவுடன் இயங்கும் சாதாரண டேப்லெட். தொட்ட இடத்தில் கோடு விழும், மடியில் வைத்தும் வரையலாம். பல குழந்தைகளுக்கு இதுதான் எளிது.

பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் 8,192 அழுத்த நிலைகளைக் கண்டு மயங்க வேண்டாம். தொடக்கக்காரருக்கு அதில் பாதி இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. வேறு சில விஷயங்களே முக்கியம். உள்ளங்கை பட்டால் கோடு விழாமல் இருக்க வேண்டும். பேனா பருமனாக இருக்க வேண்டும் அல்லது ரப்பர் பிடி மாட்ட முடிய வேண்டும். சார்ஜ் செய்யத் தேவையில்லாத பேனாவானால் மின்வெட்டு நாளிலும் தொல்லையில்லை. ஓரத்திலுள்ள குறுக்குவழிப் பட்டன்களை முடக்க வழி வேண்டும். இடக்கைப் பிள்ளையானால் பலகையைத் திருப்பி வைக்க முடிய வேண்டும்.

மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. குழந்தைகளுக்காக 2002இல் வெளியான 'டக்ஸ் பெயிண்ட்' இலவசம். படங்களும் ஒலிகளும் வழிகாட்டுவதால் படிக்கத் தடுமாறும் பிள்ளையும் பயன்படுத்தலாம். தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. விளம்பரங்களும் விளையாட்டுகளும் குறுக்கிடாது.

பணம் கட்டுமுன் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்ப்பது அவசியம். திருப்பதிக் கடையில் பத்து நிமிடம் வரையவிட்டால் விளம்பரம் சொல்லாதது தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் விதியை முதலில் படிக்க வேண்டும். ஆந்திரத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான 'பவிதா' மைய ஆசிரியரிடம் யோசனை கேட்பதும் நல்லது.

எந்தப் பலகையும் டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் பொறுமையும் வேண்டும். பலகை தரக்கூடியது ஒன்றுதான்: தப்பான கோட்டைச் சிவப்பு மை இல்லாமல் தானே அழித்து மறுபடி போடும் சுதந்திரம். அந்தப் பிள்ளைக்கு அது சிறிய விஷயமல்ல.